அடைத்த யன்னலுக்குள் ரெம்பிராண்டின் பெண்: சுவரில் எப்படிக் கீறுவது?

தென் லண்டனில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் பலசரக்குக் கடையின் பக்கச் சுவர் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்புகிறது. பெயின்ற் காணாத பழைய செங்கல் சுவர். நிலத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், எப்போதோ கல் வைத்து அடைத்த யன்னல் ஒன்று அதில் இருக்கிறது. மேல் வளைவும் கீழ்க் கல்லும் பழையபடி நிற்க, நடுவில் மட்டும் வேறு நிறச் செங்கல். லண்டனின் பழைய தெருக்களில் இப்படி அடைத்த யன்னல்கள் நிறைய உண்டு. 1696 முதல் 1851 வரை இங்கே வீட்டு யன்னல்களை எண்ணி வரி வாங்கினார்கள். அந்த வரிக்குப் பயந்து அடைத்தவை சில. முகப்பு ஒழுங்காகத் தெரியவேண்டுமென்று கட்டும்போதே பொய்யாக வைத்தவை சில. இது அந்த இரண்டுமில்லை. உள்ளே அந்த இடத்தில் குளிர்பெட்டி வைக்க வேண்டியிருந்ததால் பின்னாளில் அடைத்தது.

"தம்பி, உந்த யன்னலைப் பார்க்கேக்கை கண்ணை மூடிக்கொண்டு நிக்கிற ஆள் மாதிரிக் கிடக்கு. உதுக்குள்ள ஏதும் கீறி விடன்" என்றார் கடைக்கார அண்ணை.

நான் பகலில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவன். சனி ஞாயிறுகளில் சுவரில் படம் கீறுகிறவன். அவர் கேட்டதும் எனக்கு ஒரே ஒரு படம்தான் ஞாபகம் வந்தது. தென் லண்டனிலேயே இருக்கும் டல்விச் ஓவியக்கூடத்தில் தொங்கும், பழைய டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'யன்னலோரப் பெண்'. எந்தப் படம் என்பதில் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. எப்படிக் கீறுவது என்பதில்தான் மூன்று கிழமை போனது. பழைய பெரும் ஓவியர் ஒருவர் செய்த உருவப்படத்தை இன்றைய தெருச் சுவருக்குக் கொண்டுவர ஐந்து வழிகள் என் கண்முன் இருந்தன. ஒவ்வொன்றையும் ஏற்கனவே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்தும், சுவரை அளந்தும், சிலதைச் சோதித்தும் நான் வந்த முடிவு இது. கையில் ஒரு சுவர் கிடைத்து என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் படத்தைச் சொல்ல வேண்டும். 1645இல் வரைந்து கையெழுத்திட்டது. உயரம் ஏறத்தாழ 82 சென்ரிமீற்றர், அகலம் 66. கல் திண்டு ஒன்றில் முன்கைகளை ஊன்றி, சற்று முன்னே சாய்ந்து நிற்கிறாள் ஒரு சிறு பெண். தளர்ந்த வெள்ளைச் சட்டை. வெயிலிலோ அடுப்படியிலோ நின்றுவிட்டு வந்தவள் போல் கன்னத்தில் சிவப்பு. ஒரு கை கழுத்தில் கிடக்கும் பொன்னிறக் கயிற்றைத் தொட்டபடி இருக்கிறது. பின்னால் முழு இருட்டு. ரெம்பிராண்ட் வீட்டு வேலைக்காரப் பெண்ணா, அயலவரின் பிள்ளையா என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். பெயர் இல்லாத பெண். ஆனால் நேரே எங்களைப் பார்க்கிறாள்.

பிரெஞ்சுக் கலை விமர்சகர் ரோஜே த பீல் 1708இல் எழுதி வைத்த கதை ஒன்று இந்தப் படத்தோடு சேர்ந்தே வருகிறது. ரெம்பிராண்ட் தன் வேலைக்காரப் பெண்ணைப் படமாக வரைந்து, ஆம்ஸ்டர்டாமில் தன் வீட்டு யன்னலில் வைத்தாராம். தெருவால் போனவர்கள் உண்மையாகவே ஒரு பெண் நிற்கிறாள் என்று நம்பினார்களாம். ஏமாந்தது தெரியவர சில நாட்கள் பிடித்ததாம். த பீல் அந்தப் படத்தைத் தானே வாங்கி வைத்திருந்தார். டல்விச்சில் இருப்பது அதுதான் என்பது பரவலான கருத்து. கதையில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனாலும் சுவரில் கீறுகிற எனக்கு அது ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொன்னது. நாங்கள் இவளைப் புதிதாகத் தெருவுக்குக் கொண்டுவரவில்லை. இவள் முதலில் நின்றதே தெருவைப் பார்த்து. ஓவியக்கூடத்துக்குள் போனது பிறகு.

அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்றாகியது. ஒழுங்கையால் போகும் ஒருவர் ஒரு நொடி "ஆரோ நிக்கினம்" என்று நினைக்க வேண்டும். எந்த வழியில் அது நடக்கும், எதில் நடக்காது? அழகு, புதுமை, பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வழி, சுவரை நிறைக்கும் பெரும் பிரதி. இத்தாலியில் வரேசே நகரைச் சேர்ந்த ஆந்திரேயா ராவோ மத்தோனி 2016இலிருந்து காரவாஜியோ போன்ற பழைய ஓவியர்களின் படங்களை ஸ்ப்ரேயாலேயே சுவரளவுக்குப் பெருப்பித்து வரைந்து வருகிறார். எதையும் மாற்றுவதில்லை, பகிடிக்கு எதையும் செருகுவதுமில்லை. ஓவியக்கூடத்தில் இருப்பதை ஓவியக்கூடத்துக்குப் போகாதவரின் வழியில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கும். ஸ்ப்ரேயில் தோலின் நிற மாற்றங்களைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று கைவைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். விளிம்பு இல்லாமல் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் போகவேண்டும். ஸ்ப்ரேக்கு அது இயல்பாக வரும். ஆனால் கூரான ஒரு கோடு வேண்டிய இடத்தில் கை நடுங்கினால் போச்சு.

பெருப்பிக்கும் முறைகள் எல்லாம் பழகியவைதான். மூலப்படத்தில் கட்டம் போட்டு, சுவரிலும் கட்டம் போட்டுப் பெட்டி பெட்டியாக மாற்றலாம். சென்னையில் சினிமா பேனர் கீறியவர்கள் கைவேலையாகச் செய்தது இதைத்தான். இரவில் புரொஜெக்டர் வைத்துக் கோடு எடுக்கலாம். இப்போது பலர் சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கிவிட்டுப் படம் பிடித்து, அந்தப் படத்தின்மேல் மூல ஓவியத்தைக் கைபேசியில் பொருத்தி, எந்தக் கிறுக்கல் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துக் கீறுகிறார்கள். கட்டத்தை விட இது விரைவு. நூல் பிடிக்கத் தேவையில்லை.

ஆனால் எங்கள் சுவருக்கு இது சரிவராது. சுவர் நான்கு மீற்றர் உயரம். அதை நிறைத்தால் பெண் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு பெருக்கிறாள். ரெம்பிராண்டின் அரைச் சென்ரிமீற்றர்த் தூரிகை வீச்சு இரண்டரைச் சென்ரிமீற்றர்ப் பட்டையாகும். அவ்வளவு பெரிய படத்தை ஒரு பார்வையில் பிடிக்க அதன் உயரத்தைப்போல் இருமடங்காவது தள்ளி நிற்கவேண்டும். ஒழுங்கையின் அகலம் மூன்று மீற்றர். போகிறவருக்குத் தெரியப்போவது ஒரு முழங்கையும் கொஞ்சம் சட்டையும்தான். அதோடு சுவரை நிறைக்கும் முகம் ஆளாகத் தெரிவதில்லை, விளம்பரப் பலகையாகத் தெரியும். அகலத் தெருவுக்கும் பாலத்தின் கீழ்ச் சுவருக்கும் திறந்த மைதானத்துக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஒழுங்கைக்குச் சொல்லமாட்டேன்.

இரண்டாவது வழி ஸ்டென்சில். தாளில் உருவத்தை வெட்டியெடுத்து, அந்த ஓட்டைக்குள்ளால் சுவரில் பெயின்ற் அடிப்பது. இங்கே எல்லோருடைய வாயிலும் வரும் பெயர் பேங்ஸி, முகம் காட்டாத தெரு ஓவியர். 2014 ஒக்டோபரில் பிரிஸ்டல் துறைமுகப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில் பழைய டச்சு ஓவியர் வெர்மேயரின் 'முத்துத் தோட்டுப் பெண்'ணை அவர் வைத்தார். அந்தச் சுவரில் ஏற்கனவே பூட்டியிருந்த திருட்டு எச்சரிக்கைப் பெட்டி அவளுடைய காதில் தோடாகியது. வந்த சில நாட்களுக்குள்ளேயே யாரோ அதன்மேல் கறுப்புப் பெயின்றை வீசினார்கள். 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், அவளுடைய வாய்க்கு முகக்கவசம் ஒன்று வந்து சேர்ந்தது.

இந்தப் படைப்பை நான் மதிப்பதற்குக் காரணம் அந்தப் பெட்டி. அதை அவர் கொண்டுவரவில்லை. சுவர் கொடுத்தது. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அந்தச் சுவரில் நிற்க ஒரு காரணமும் இல்லை. பழைய உருவப்படத்தின் கையில் கைபேசியைக் கொடுப்பது, காதில் ஹெட்போன் மாட்டுவது, ஸ்ப்ரே டப்பாவைப் பிடிக்கவைப்பது என்று எத்தனையோ பார்த்துவிட்டோம். அவற்றை முதல்தரம் பார்க்கும்போது சிரிப்பு வரும், இரண்டாம்தரம் கண் நிற்காது. பேங்ஸியின் பெண்ணில் கண் நிற்பதற்குக் காரணம் படமும் சுவரும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

அப்படியானால் ஸ்டென்சிலே செய்யலாமே? அங்கேதான் வெர்மேயரும் ரெம்பிராண்டும் வேறுபடுகிறார்கள். வெர்மேயரின் பெண் ஸ்டென்சிலுக்கென்றே பிறந்தவள் போல. வெறும் கரும் பின்னணி, கூரான முக விளிம்பு, தலைப்பாகையின் பெரிய பெரிய நிறத்துண்டுகள், கண்ணிலும் முத்திலும் ஒரு பொட்டு வெளிச்சம். இரண்டு மூன்று தாள் வெட்டினால் ஆள் வந்துவிடுவாள். ரெம்பிராண்டின் பெண்ணோ நடுநிறங்களில் வாழ்கிறவள். கன்னத்திலிருந்து தாடைக்கு, கழுத்திலிருந்து சட்டைக்குள் வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்குகிறது. அதை மூன்று நிறத்தில் வெட்டினால் முகம் பாதி அழிந்து, மிச்சம் முகமூடிபோல் நிற்கும். நானே ஒரு பழைய பலகையில் நான்கு தாள் வெட்டி அடித்துப் பார்த்தேன். நான்காவது தாளிலும் அவளுக்கு வயது நாற்பதாகத்தான் தெரிந்தது. இன்னும் ஆறு ஏழு தாள் வெட்டினால் சரிவரலாம். அவ்வளவு வெட்டுவதென்றால் தூரிகையாலேயே வரைந்துவிடலாம்.

ஸ்டென்சிலின் உண்மையான வலிமை வேகம். அனுமதியில்லாத சுவரில், ஆள் வருவதற்குள் முடிக்க வேண்டியவர்களுக்காக வளர்ந்த முறை அது. பாரிஸில் 1981இலிருந்து ஸ்டென்சில் அடித்த பிளெக் லெ ரா, 1991இல் காரவாஜியோவின் மடோனாவை, அதாவது மரியாளின் படத்தை, சுவரில் அடிக்கும்போது பிடிபட்டார். அதன்பின் வீட்டிலேயே தாளில் அடித்து, தாளைக் கொண்டுபோய் ஒட்டத் தொடங்கினார். கடைக்கார அண்ணை எனக்குத் தேநீர் போட்டுத் தரும்போது எனக்கு அந்த அவசரம் இல்லை.

மூன்றாவது வழி அந்தத் தாள்தான். மனதளவில் என்னை அதிகம் இழுத்தது இதுவே. தெருக் கலைஞர் ஜூலியன் த கசாபியாங்கா 2014இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1806இல் வரைந்த கரோலின் ரிவியேர் என்ற இளம்பெண்ணின் படத்தைப் பார்த்து, அவளை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தார். கைபேசியால் படம் எடுத்து, பெரிதாக அச்சடித்து, பின்னணியை வெட்டியெறிந்து, ஆளை மட்டும் தெருச் சுவரில் ஒட்டினார். பிறகு பல நகரங்களில், அந்தந்த ஊர் அருங்காட்சியகத்துப் படங்களிலிருந்தே ஆட்களை இப்படி வெளியே கொண்டுவந்தார். பெரிய கதாநாயகர்களை விட மூலையில் நிற்கும் பெயரில்லாதவர்களைத்தான் அதிகம் தேர்ந்தார். எங்கள் பெண்ணுக்கு இது பொருந்தும்.

அதற்கு முன்பே பிரெஞ்சு ஓவியர் எர்னெஸ்ட் பிஞ்ஞோன்-எர்னெஸ்ட் 1988இலிருந்து பல ஆண்டுகள் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தின் ஒழுங்கைகளில் இதைச் செய்திருந்தார். காரவாஜியோவின் படங்களிலிருந்து எடுத்த உருவங்களைத் தானே கரியால் மீண்டும் வரைந்து, தாளில் ஆளளவுக்கு அச்சிட்டு, அந்தந்தச் சுவரின் கல்லுக்கும் வெடிப்புக்கும் ஏற்ற இடம் பார்த்து ஒட்டினார். காரவாஜியோ ஓடி ஒளிந்த ஊர் அது, அவர் ஏழை மக்களையே புனிதர்களாக வரைந்த தெருக்கள் அவை. தாள் கிழியும், மழையில் ஊறும், குழந்தைகள் பிய்ப்பார்கள். அதுவும் படைப்பின் பகுதி என்று விட்டுவிட்டார். ஐந்து வழிகளையும் பார்த்தபின்னும் சொல்கிறேன், இந்தத் துறையில் என் மனதைத் தொட்ட மிக உயர்ந்த வேலை இந்த மனிதருடையதுதான். ஏனென்றால் அவர் முதலில் இடத்தை நாட்கணக்காகப் பார்த்தார், படத்தைப் பிறகுதான் எடுத்தார்.

செலவும் குறைவு. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை. மெல்லிய தாளாக இருக்கவேண்டும், தடித்த தாள் செங்கலின் பள்ளங்களில் படியாது. ஒருநாள் காலையில் முடிந்துவிடும். அளவும் எங்கள் விருப்பம், ஒன்றுக்கு ஒன்றாகவே வைக்கலாம்.

பிறகேன் வேண்டாம் என்றேன்? இரண்டு காரணம். ஒன்று, அண்ணை கேட்டது யன்னலுக்கு ஒரு ஆள். ஆள் ஒரு மழைக்காலத்துக்குள் தொங்கிக் கிழிந்தால், முகம் பாதி போன ஒரு பெண்பிள்ளையை அவர் ஒவ்வொரு நாளும் கடை திறக்கும்போது பார்க்க வேண்டும். நேப்பிள்ஸில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. ஒரு பலசரக்குக் கடைச் சுவரில் அது வெறும் கவலை. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சுவரில் நான் ஒட்டிய தாள் ஒன்றைப் பிறகு சுரண்டி எடுக்க நேர்ந்தது. பசை செங்கலுக்குள் ஊறி, உயர் அழுத்தத் தண்ணீர் அடித்தபோது செங்கலின் மேற்தோலும் சேர்ந்து போனது. மேற்தோல் போன செங்கல் தண்ணீர் குடிக்கும், பனிக்குளிரில் உதிரும். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் என்னை ஏசவில்லை. ஆனால் நான் மறக்கவில்லை. உங்கள் சுவர் பூச்சுப் பூசியதென்றால், அல்லது ஒரு விழாவுக்காக ஒரு கிழமை மட்டும் என்றால், யோசிக்காமல் தாளையே எடுங்கள்.

நான்காவது வழிக்கு நான் தூரம் போகத் தேவையில்லை. டல்விச்சிலேயே இருக்கிறது. ஓவியக்கூடத்தோடு நெருங்கி வேலை செய்த இங்ரிட் பீஸ்லி, 2012இல் ஸ்டிக் என்ற தெரு ஓவியரை அழைத்து, உள்ளே தொங்கும் பழைய படங்களை வெளியே சுவர்களில் அவருடைய பாணியில் வரையவைத்தார். ஸ்டிக்கின் ஆட்கள் ஆறு கோடும் இரண்டு புள்ளியும். வாய் இல்லை, மூக்கு இல்லை. 2013 மே மாதம் இன்னும் பல தெரு ஓவியர்கள் வந்து சேர்ந்து டல்விச் சுற்றுவட்டாரமே ஒரு திறந்தவெளி ஓவியக்கூடமானது.

ஸ்டிக் எடுத்த படங்களில் ஒன்று டில்லி கெட்டில் வரைந்த எலைசா, மேரி டேவிட்சன் சகோதரிகள். டில்லி கெட்டில் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பெயர். 1768இல் மதராசுக்குக் கப்பலேறிப் போய், ஆற்காட்டு நவாப் முகமது அலியை வரைந்த ஆங்கிலேயர் அவர். இந்தியாவுக்குப் போய்த் தொழில் செய்த முதல் பெரிய ஆங்கில உருவப்பட ஓவியர் என்று சொல்வார்கள். அவர் பட்டும் லேஸ் பின்னலும் ஒவ்வொரு மடிப்பாக வரைந்த இரு சகோதரிகளிடமிருந்து ஸ்டிக் துணியை எடுத்தார், முகத்தை எடுத்தார், பின்னணியை எடுத்தார். மிஞ்சியது இருவரும் நிற்கும் விதம். அந்த ஒன்றிலேயே அவர்கள் அக்கா தங்கை என்று தெரிகிறது. பழைய உருவப்படத்துக்குள் எலும்பு எது என்று கண்டுபிடித்துக் காட்டும் முறை இது. பார்த்துப் பார்த்துப் படித்தேன்.

ஆனால் இது ஒருவர் இன்னொருவரிடம் கடன் வாங்க முடியாத வழி. ஸ்டிக்கின் கோடு ஸ்டிக்குடையது. அதை நான் கீறினால் ரெம்பிராண்டை மறுவாசிப்புச் செய்யவில்லை, உயிரோடு இருக்கும் ஒரு ஓவியரைத் திருடுகிறேன். சட்டமும் அப்படித்தான். ரெம்பிராண்ட் 1669இல் இறந்தவர், அவருடைய படத்தை யாரும் எப்படியும் வரையலாம். இன்று வாழும் ஒருவர் அதை மாற்றி வரைந்த வடிவம் அவருக்குச் சொந்தம். ஒரு நண்பர், "தமிழன் கீறினா கோலக் கோட்டில கீறு, வித்தியாசமா இருக்கும்" என்றார். மூன்று தாளில் முயன்று பார்த்தேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் கண் கோலத்தைத்தான் பார்த்தது, அவளைப் பார்க்கவில்லை. பத்து ஆண்டு ஒரே கோட்டில் வாழ்ந்தவர்களுக்கே இந்த வழி. நான் அப்படி வாழவில்லை.

ஐந்தாவது வழியை அண்ணையே கொண்டுவந்தார்.

"வெள்ளைக்காரப் பிள்ளை ஏன் தம்பி? எங்கட பிள்ளையள் ஒண்டைக் கீறலாமே. என்ர பேத்தி உப்பிடித்தான் கடை மேசையில முழங்கையை ஊண்டிக்கொண்டு நிக்கிறவள்."

இதைக் கேட்டதும் நான் வாயடைத்துப் போனேன், ஏனென்றால் நியாயம் அவர் பக்கம் இருந்தது. அமெரிக்க ஓவியர் கெஹிந்தே வைலி தன் பெயரைக் கட்டியதே இப்படித்தான். நியூயோர்க்கின் ஹார்லெம் தெருக்களில் நடந்துபோகும் கறுப்பின இளைஞர்களை நிறுத்தி, பழைய ஓவியங்களிலிருந்து அவர்கள் விரும்பும் நிலையில் நிற்கச் சொல்லி வரைந்தார். 2005இல், பிரெஞ்சு ஓவியர் தாவீத் வரைந்த படத்தில் நெப்போலியன் ஏறியிருந்த அதே குதிரையில், அதே கை தூக்கலோடு, இராணுவக் காற்சட்டை போட்ட ஒரு கறுப்பின இளைஞரை ஏற்றினார். அவை தெருச் சுவர்களில்லை, திரைச்சீலைகள். ஆனாலும் கேள்வி தெருக் கேள்வி. இந்த இடத்தில் நிற்க யாருக்கு உரிமை?

இரண்டு நாள் இதைச் செய்வதாகவே இருந்தேன். பிறகு நின்றது அந்தப் பிள்ளைக்காக. அவளுக்கு ஒன்பது வயது. இன்று கேட்டால் துள்ளிக்கொண்டு ஓம் என்பாள். பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் கடந்துபோகும் ஒழுங்கையில் தன் ஒன்பது வயது முகம் நிற்பது அவளுக்கு எப்படி இருக்கும்? யாராவது அந்த முகத்தில் கண்டதையும் கிறுக்கினால்? ரெம்பிராண்டின் பெண்ணில் கிறுக்கினால் நான் போய் அழிப்பேன், அவ்வளவுதான். வைலியின் படங்களில் நிற்பவர்கள் வளர்ந்தவர்கள், தாங்களே ஒப்புக்கொண்டு வந்தவர்கள். அண்ணையோ கடைக்கார அக்காவோ தாங்களே நிற்க வந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். கேட்டேன். "எனக்கு உந்த விசர் வேலை வேண்டாம்" என்றார் அக்கா.

அப்போ எது? மீண்டும் யன்னலுக்குப் போனேன், இம்முறை அளவுநாடாவோடு. அடைத்த பகுதியின் அகலம் 90 சென்ரிமீற்றர், உயரம் 120. படம் 66க்கு 82. பெண் தன் சொந்த அளவிலேயே அதற்குள் நிற்கலாம், பக்கத்திலும் மேலேயும் இருட்டுக்கு இடம் இருக்கும். கீழ்க் கல் நிலத்திலிருந்து ஒரு மீற்றர். அவளுடைய முன்கைகளை உண்மையான அந்தக் கல்லிலேயே ஊன்றவைத்தால், கண்கள் கிட்டத்தட்ட 1.6 மீற்றரில் வருகின்றன. அதாவது ஒழுங்கையால் நடந்துபோகிறவரின் கண் மட்டம். ரெம்பிராண்ட் வரைந்த கல் திண்டை நான் வரையத் தேவையேயில்லை. சுவர் அதைத் தருகிறது, பிரிஸ்டலில் பெட்டியைத் தந்ததுபோல்.

ஆகவே முடிவு இதுதான்: பெருப்பிக்காமல், வெட்டாமல், ஒட்டாமல், ஆளளவில், தூரிகையால், யன்னலுக்குள் மட்டும். சுவரின் மிச்சத்தைத் தொடப்போவதில்லை. இடத்தைத் தேர்ந்த முறையைப் பிஞ்ஞோன்-எர்னெஸ்டிடமும், சுவர் தருவதை வாங்கிக்கொள்வதைப் பேங்ஸியிடமும், ஒன்றையும் செருகாத பணிவை ராவோவிடமும் எடுத்துக்கொள்கிறேன். அண்ணையின் மகன் அந்தப் பொன்னிறக் கயிற்றை இயர்போன் வயராக்கச் சொன்னான். கை இருக்கும் விதம் அதற்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது, கெட்டிக்காரப் பெடியன். ஆனால் வயர் இல்லாத இயர்போன் வந்துவிட்ட காலத்தில் அது இப்போதே பழசு. கயிறு கயிறாகவே இருக்கட்டும்.

இதில் மறுவாசிப்பு எங்கே என்று கேட்பீர்கள். வெளிச்சத்தில். ஒழுங்கை முகப்பில் கவுன்சிலின் விளக்குக் கம்பம் ஒன்று நிற்கிறது. படத்தில் வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில். அப்படியே வரைந்தால் இரவில் படத்து நிழலும் தெரு வெளிச்சமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும், ஆள் செத்துப்போவாள். அதனால் முழுப் பெண்ணையும் இடம் வலமாகத் திருப்புகிறேன். மஞ்சள் கலந்த பழைய வெளிச்சத்தை விட்டு, விளக்கின் வெள்ளைக்கு ஏற்றபடி நெற்றியிலும் சட்டையிலும் சற்று நீலம் ஏற்றுகிறேன். அவள் பார்க்கும் தெரு இப்போது இந்தத் தெரு. மழை பெய்த இரவொன்றில் அந்தக் கம்பத்தின் கீழ் நின்று கைபேசியில் படத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தபோதுதான் இது விளங்கியது.

பெயின்றைப் பற்றியும் கொஞ்சம். செங்கல் மூச்சுவிட வேண்டும். அக்ரிலிக் தோல் போட்டு மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஒருநாள் பெயின்றைத் தள்ளிக்கொண்டு வரும். எங்கள் செங்கலில் பழைய பெயின்ற் எதுவும் இல்லாதது அதிர்ஷ்டம். ஆகவே சிலிக்கேட் பெயின்றை எடுக்கிறேன். அது மேலே தோலாகப் படியாமல் கல்லோடு சேர்ந்து இறுகும், ஈரத்தையும் விடும். அதில் கிடைக்கும் நிறங்கள் பெரும்பாலும் மண் நிறங்கள், இரும்புத் துரு நிறங்கள்: காவி, மஞ்சட்காவி, அம்பர் எனும் மண்கபிலம், கறுப்பு. ஸ்ப்ரேயின் பளீர்ச் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் வெளிறுவதுபோல் இவை வெளிறுவதில்லை. ரெம்பிராண்டின் தட்டில் இருந்ததும் பெரும்பாலும் இந்த மண்தானே. அவருடைய ஈய வெள்ளைக்குப் பதிலாக ரைற்றேனியம் வெள்ளை. கடையில் நிறங்களை அடுக்கிப் பார்த்தபோது, வேறு எந்தப் பழைய ஓவியருக்கும் இந்தப் பெயின்ற் இவ்வளவு பொருந்தாது என்று நினைத்தேன். ஒரே குறை, காய்ந்தபின் நிறம் சற்று வெளிறித் தெரியும். அதனால் முதலில் ஒரு கல்லில் பூசி, ஒரு இரவு விட்டுப் பார்த்துத்தான் கலக்கவேண்டும்.

நீங்கள் இங்கிலாந்தில் செய்வதாக இருந்தால், பாதுகாக்கப்பட்ட கட்டடமா, பாதுகாப்பு வலயத்துக்குள் வருகிறதா என்று கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், அவர் உங்கள் மாமாவாக இருந்தாலும். குளிர் ஐந்து பாகைக்குக் கீழே இறங்கும் இரவுகளில் சிலிக்கேட்டைத் தொடாதீர்கள். மூலப்படத்தைத் திரையில் மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்காதீர்கள். நான் டல்விச்சுக்கு மூன்றுதரம் போனேன். மூன்றாவது முறைதான் அவளுடைய கீழுதட்டுக்குக் கீழே இருக்கும் நிழல் கறுப்பு இல்லை, சிவப்பு என்று கண்ணில் பட்டது.

சித்திரைக் கடைசியில் தொடங்குகிறேன். யன்னலுக்குக் கீழே அடுக்கியிருந்த சோடாப் பெட்டிகளை அண்ணை இப்போதே பின்பக்கம் மாற்றிவிட்டார்.

"எத்தினை வருசம் இருக்கும் தம்பி?"

"சுவர் இருக்கிற மட்டும் இருக்கலாம் அண்ணை. ஆரும் கிறுக்காட்டி."

"கிறுக்கினா?"

"மிச்சப் பெயின்றை மூண்டு சின்னப் போத்திலில விட்டுத் தாறன். சட்டை வெள்ளை, கன்னத்துச் சிவப்பு, பின்னால இருட்டு. குளிர்பெட்டிக்கு மேல வைச்சிருங்கோ. கூப்பிட்டால் வந்து பூசி விடுறன்."